நைனாவின் போன் வெளிச்சம்

போன வருடம் மாசி அமாவாசை அன்று, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெங்களூரில் இருக்கும் என் அக்காவின் குட்டி மகள் அனுப்பும் வீடியோவைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது போகாது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் ஆசையாகப் போனை எடுத்தவர், உடனே கவிழ்த்து வைத்துவிட்டார்.

"கண்ணு கூசுது. தண்ணியா ஊத்துது. ஆபரேஷன் சரியில்ல."

மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சோதித்துப் பார்த்தவர், கண் நன்றாக இருக்கிறது, இடது கண்ணுக்கும் அடுத்த மாதம் செய்துவிடலாம் என்றார். அங்கே நன்றாகத் தலையாட்டிய நைனா, வெளியே வந்ததும் முடியாது என்றார். "இருக்கறதயும் கெடுத்துக்கவா?" இடது கண்ணில் பாதிப் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. கெஞ்சினேன், மிரட்டினேன், தெருவே கேட்கும்படி கத்தினேன். பிடித்த பிடியை அவர் விடவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

அமாவாசை அன்று மண்டகப்பட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்ட் முழுக்க மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள், அவற்றை மொய்க்கும் கூட்டம். எங்கள் பஸ் எங்கே நிற்கிறது என்று நான் எக்கி எக்கித் தேடிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கோடியில நிக்குது பாரு. விழுப்புரம் வண்டி. கீழ சின்னதா மண்டகப்பட்டு வழின்னு போட்டிருக்குது" என்றார் நைனா.

கண்ணாடி போட்டிருந்த எனக்கே பாதி தூரம் நடந்த பிறகுதான் அந்த எழுத்து தெரிந்தது.

"நைனா, எந்தக் கண்ணால படிச்ச?"

"இன்னா கேள்வி இது. ஆபரேஷன் பண்ண கண்ணாலதான்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனைக் கேட்டேன். யாரையும் தொட விடமாட்டார். அன்று முனகிக்கொண்டே கொடுத்தார். திறந்ததும் என் கண்ணே கூசியது. வெளிச்சம் முழுசாக ஏற்றப்பட்டிருந்தது. பார்வை மங்க மங்க, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அவரே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். புதுப் பார்வை வந்த பிறகும் அது அப்படியே நின்றுவிட்டது. ஆபரேஷன் மேல் போட்ட பழி அத்தனையும் இதற்குச் சேர வேண்டியது.

பாதிக்கும் கீழே இறக்கி, எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுத்தேன். கையை நன்றாக நீட்டிப் பிடித்துப் பேத்தியின் வீடியோவைப் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை பார்த்தார்.

"கொழந்தைக்கு முன்பல்லு விழுந்துடுச்சா?"

"அது விழுந்து ஒரு மாசம் ஆச்சு. கண்ணு கூசுதா?"

"இல்ல."

பஸ் ஊரைத் தாண்டும்வரை ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி வந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "இன்னொரு கண்ணுக்கு எப்ப வரச் சொன்னாரு டாக்டரு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்துச் சமாளித்தேன்.

இப்போது இரண்டு கண்ணிலும் பளிச்சென்று பார்க்கிறார். போனை எடுத்ததும் முதல் வேலையாக வெளிச்சத்தைச் சரிபார்க்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், அவருக்குப் பார்வை மங்கிய நாட்களில் காதும் கேட்காதவரிடம் பேசுவதுபோல அவரிடம் ஏற்றிப் பேசிப் பழகிய என் குரலை நானும் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.