கரண்ட் போன பாட்டு

மகள் நீட்டிய போனில் அந்த டிரம்ஸ் கேட்டதுமே, லேத்தில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாசம் மூக்கில் ஏறியது. தொண்ணூறுகளில் கணபதி ஏரியாவில் அப்பாவுக்கு ஒரு பட்டறை இருந்தது. ஞாயிறு மத்தியானம் மிஷின்கள் ஓய்ந்ததும், அவரும் மூன்று சினேகிதர்களும் இரும்புச் சுருள்களை ஓரமாகக் கூட்டித் தள்ளிவிட்டு, வார்த்தையே இல்லாத, நடுவழியில் தாளம் மாறிக்கொண்டே போகிற, எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாத ராக் வாசிப்பார்கள். தகரக்கூரை அதிரும், டப்பாவுக்குள் நட்டுகள் கூடவே ஆடும், நான் கிரீஸ் டின்மேல் உட்கார்ந்திருப்பேன். ஒரு கல்யாணக் கச்சேரிக்குக்கூட அவர்களை யாரும் கூப்பிட்டதில்லை.

பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்த அன்று பாதியில் கரண்ட் போய்விட்டது. கிடாரும் கீபோர்டும் அடங்கிப்போக, அப்பா மட்டும் டிரம்ஸை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

சினேகிதர் ஒருவரின் மகன் இணையத்தில் ஏற்றிய அந்தக் கேசட்டைத்தான் இப்போது எந்தெந்த ஊர்க்காரர்களோ கொண்டாடுகிறார்கள். அப்பா உயிரோடு இல்லை; பட்டறை இருந்த இடத்தில் யார் யாருடைய கார்களோ நிற்கின்றன. அந்தத் தனி டிரம்ஸ்தான் பாட்டின் உச்சமாம். கடைசியில் வரும் பெண்குரல் என்ன சொல்கிறது என்று ஒருவர் கீழே கமெண்டில் கேட்டிருக்கிறார்.

அது அம்மா. பட்டறை வாசலில் நின்று சொன்னது.

"ஏனுங்க, போதுமுங்க. நிறுத்திப்போட்டு சாப்பிட வாங்க. இதையெல்லாம் யாருங்க கேக்கப்போறாங்க?"

அப்பா குச்சிகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கிறது. அதற்கப்புறம் எந்த ஞாயிறும் அவர் அவற்றை எடுக்கவே இல்லை.