ஐஸ்கிரீம் பெட்டியில் நனைந்த நூல்கள்

என் தம்பியைப் போல ஒரு சிடுமூஞ்சியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களுக்கு வைத்தியம் பார்க்கிறான். யாராவது ஆசையாகப் புது வீட்டைக் காட்ட அழைத்தால், அலமாரிக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்து, "இங்க பூஞ்சை வரும்" என்று சொல்லிவிட்டு வருவான். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

அவனும் நானும் ஆறு வருடம் பேசவில்லை. இறந்துபோன எங்கள் அப்பாவுக்கு இருந்ததே ஒரே ஒரு போட்டோ. அதில் பூஞ்சை படர்ந்திருந்தது. இவன் வேலையில் சேர்ந்த புதிது. பெரிய மேதாவி மாதிரி ஈரப் பஞ்சால் துடைத்தான். காகிதம் தெரிந்தவனுக்கு போட்டோ தெரியவில்லை. மேல்பூச்சைப் பூஞ்சை ஏற்கனவே அரித்து வைத்திருக்க, ஈரம் பட்டதும் அப்பாவின் முகம் பஞ்சோடு வந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்படிப்பட்டவன் ஒரு மதியம் என் ஐஸ்கிரீம் கடை வாசலில் வந்து நிற்கிறான். பின்னால் ஒரு வேன்.

"அக்கா, உன் பெரிய ஃப்ரீசர் வேணும்."

"வந்ததும் வராததுமா ஃப்ரீசரா? நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

காப்பகத்தில் குழாய் வெடித்துப் பழைய கையெழுத்து நூல்கள் நனைந்துவிட்டனவாம். எதற்கும் வேறு பிரதி கிடையாது. அப்படியே விட்டால் நாளைக்குள் பூஞ்சை கிளம்பிவிடும். உறைய வைத்தால் அது சாகாது, ஆனால் வளராது. பிறகு நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம். அலுவலகத்து ஃப்ரீசரோ ரிப்பேர்.

"கொஞ்ச நாள்தான்க்கா. அப்புறம் நானே பெட்டியைக் கழுவித் தர்றேன்."

"வெயில் காலத்துல ஐஸ்கிரீம் கடைக்காரிகிட்ட வந்து கேக்குற கேள்வியாடா இது?"

திட்டிக்கொண்டேதான் பெட்டியைக் காலி செய்தேன். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் டப்பா டப்பாவாகக் கொடுத்தேன். வயிறு எரிந்தது.

அவன் ஒவ்வொரு நூலாக எடுத்துத் தர, நான் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அடுக்கினேன். ஒன்றின் முதல் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள். கடைக்காரியின் கை சும்மா இருக்குமா? தோளில் கிடந்த துணியை எடுத்தேன்.

"துடைக்காதக்கா!"

அவன் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஈரத்தோட துடைச்சா எழுத்தும் சேர்ந்து வந்துடும்" என்றான். துணியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். எந்த நாளை நினைத்துக் கத்துகிறான் என்று எனக்கா தெரியாது? பாவமாகிவிட்டது.

"சரி, விடுடா. அப்பா முகம் எங்க போயிடப் போகுது? கண்ணை மூடினா அப்படியே நிக்கிறார். உனக்கும் அப்படித்தானே?"

"எனக்கு எப்படிக்கா? அவர் போனப்ப நான் கைக்குழந்தை. எனக்கு அந்த போட்டோ மட்டும்தான் இருந்துச்சு."

அவன் வயது எனக்குத் தெரியாததா? இத்தனை வருடக் கோபத்தில் ஒரு தடவைகூட அதை நினைத்துப் பார்க்கவில்லையே, பாவி நான்!

அந்த நூல்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன, ஒரு பக்கம்கூடப் போகவில்லை, அதெல்லாம் பிறகு. அன்று பெட்டியைச் சாத்தியதும் அவனை எதிரே உட்கார வைத்து, அப்பாவின் முகத்தை நெற்றியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.