பல்கேரியக் கம்யூனிஸ்ட் பேட்ஜும் என் சுவிஸ் பாஸ்போர்ட்டும்

இன்று மத்தியானம் கெமைண்டே (ஊராட்சி) அலுவலகத்தில் வைத்து என் அப்பாவை நானே காட்டிக்கொடுத்தேன்.

முழுக்கதையும் சொன்னால்தான் விளங்கும்.

நான் தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டவள். (சுவிஸில் எங்கள் ஊர் வில்; அதன் ரயில் ஸ்டேஷன் புறாக்களுக்கும் இது தெரியும்.)

விட்ட பிறகு கொஞ்ச நாள் ஒரு பழைய சாமான் கடையில் பெட்டி பிரித்தேன். ஒரு பெட்டிக்குள் சின்னச் சின்னச் சிவப்புப் புத்தகங்கள். பிஸ்கட் டின் நிறைய பேட்ஜுகள்.

பல்கேரியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த காலத்து இளைஞர் சங்கத்தின் உறுப்பினர் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பதின்வயது முகத்தின் போட்டோ. மாசாமாசம் சந்தா கட்டியதற்கு ஒட்டிய குட்டி முத்திரைகள்.

எல்லா முகமும் 'இந்தக் கூட்டம் எப்ப முடியும்' என்ற ஒரே முகம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை தவறாமல் நான் வைத்திருந்த முகம்.

பெட்டியோடு வாங்கிவந்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது பேக்கரியில் வேலை செய்கிறேன், லீவு நாளில் பழைய சாமான் சந்தை சந்தையாக அலைகிறேன்.

அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் குறைப்படுவார்.

"இலங்கையில இருந்து சனம் இயக்கம் எண்ட சொல்லுக்கே பயந்து ஓடி வந்து இஞ்ச நிக்குது. இவள் இஞ்ச பிறந்து பல்கேரியாக்காரன்ர இயக்கத்தில சேர்ந்திட்டாள்."

இந்த நிலைமையில்தான் நான் சுவிஸ் குடியுரிமைக்குப் போட்டேன். (இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பிறந்ததை மூன்று பேருக்கு முன்னால் உட்கார்ந்து நம்பவைக்க வேண்டும்.)

போன வருஷம் முதல் நேர்காணல். நேர்காணல் குழுவின் தலைவி ஒரு அம்மா, அலுவலகக்காரர் ஒருவர், ஓரத்தில் பெரிய மீசையோடு ஒருவர். அவர்கள் பேசியது சுவிஸ் ஜெர்மனில், நான் தருவது என் தமிழில்.

எந்த ஃபெரைனில் இருக்கிறேன் என்று தலைவி கேட்டார். ஃபெரைன் என்றால் சங்கம். இந்த நாட்டில் பாடுவதற்கு ஒரு சங்கம், துப்பாக்கியால் சுடுவதற்கு ஒரு சங்கம், முயல் வளர்ப்பதற்கும் ஒரு சங்கம். எதிலும் இல்லாதவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

நான் எதிலும் இல்லை. பொழுதுபோக்காவது உண்டா என்றார்கள். பெருமையோடு ஒரு சிவப்புப் புத்தகத்தையும் பேட்ஜையும் மேசையில் வைத்தேன்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

"நீர் கம்யூனிஸ்டோ?"

"இல்லை, சோம்பேறி."

(இரண்டில் முதலாவதே பரவாயில்லை என்பது அப்பாவின் கருத்து.)

மீசைக்காரர் மட்டும் பேட்ஜை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருடைய கோட்டிலேயே சுடுகிற போட்டிகளில் வாங்கிய பேட்ஜுகள் வரிசையாக இருந்தன.

"இதின்ர பின்பக்கம் திருகாணி. பிந்தி வந்ததுகள் ஊசியோ?"

ஓம், பிந்தியதெல்லாம் ஊசி, எனாமலும் போய் அலுமினியத்தில் பெயிண்ட் என்றேன். டாக்டர் மாதிரித் தலையாட்டினார்.

முடிவு: தள்ளிவைப்பு. தனியாக அறைக்குள் இருந்து சேகரிப்பது ஊரோடு ஒட்டுகிற இன்டக்ரேஷன் ஆகாதாம். ஒரு ஃபெரைனில் சேர்ந்துவிட்டு வரச் சொன்னார்கள்.

எனக்குப் பாடவும் வராது, சுடவும் வராது. முயலுக்குப் பயம்.

அதனால் நானே ஒன்று தொடங்கினேன். பல்கேரிய இளைஞர் சங்கச் சின்னங்கள் சேகரிப்போர் சங்கம். தலைவர் நான். அப்பா பொருளாளர். அம்மா செயலாளர்.

முதல் பொதுக்கூட்டம் எங்கள் ஹாலில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றவேண்டும், பொன்னாடை போர்த்தவேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். ஆருக்குப் போர்த்துவது என்று கேட்டேன். அங்கே தொடங்கியது.

"தலைவருக்குத்தான். தலைவர் வயசில மூத்த ஆளா இருக்கோணும்."

"அப்பா, உங்களுக்கு பேட்ஜைப் பற்றி ஒண்டுமே தெரியாது."

"பேட்ஜ் தெரிஞ்சென்ன? சங்கம் நடத்தத் தெரியோணும். நான் கோயில் நிர்வாகத்தில மூண்டு தரம் இருந்தனான்."

"மூண்டு தரமும் உடைச்சுப்போட்டுத்தான் வந்தனீங்கள்" என்றார் அம்மா, எழுதிக்கொண்டே.

அப்பா எழும்பினார். பேட்ஜுகள் இருந்த பிஸ்கட் டின்னையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை தன்னோடு ஃபேக்டரியில் வேலை செய்யும் இரண்டு பேரைச் சேர்த்து 'அகில சுவிஸ்' என்று முன்னால் போட்டு, அதே பெயரில் இன்னொரு சங்கம் தொடங்கிவிட்டார்.

ஒரே வீடு, ஒரே சமையல், இரண்டு தலைவர்கள்.

இன்று இரண்டாவது நேர்காணல். சங்கம் நடக்கிறதற்கு அத்தாட்சி கேட்டார்கள். என்னிடம் இருந்தது அம்மாவின் கூட்டக் குறிப்பு மட்டும்தான். அம்மா டொய்ச் (ஜெர்மன்) கோர்ஸில் படித்தபடி, நடந்ததை நடந்தபடியே, பிறகு நடந்ததையும் சேர்த்து எழுதியிருந்தார். எழுத்து அழகு, இரக்கம் கிடையாது.

தலைவி சத்தமாக வாசித்தார்: பொருளாளர் கோபித்துக்கொண்டு வெளியேறினார், சங்கத்தின் சின்னங்களையும் கொண்டு போனார், இப்போது போட்டிச் சங்கம் நடத்துகிறார்.

"பொருளாளர் ஆர்?"

"என்ர அப்பா."

பாஸ்போர்ட் கையைவிட்டுப் போனது என்றே நினைத்தேன்.

மீசைக்காரர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி ஆற அமர வாசித்தார். பிறகு தலைவியைப் பார்த்துச் சொன்னார், கொடிக்குப் பக்கத்தில் ஆர் நிற்பது என்ற சண்டையில் தங்கள் சுடுகிற சங்கம் உடைந்ததாம், அவருடைய தாத்தா காலத்தில். இன்றைக்கும் இரண்டு சங்கம். ஒரே மைதானம், வேறு வேறு கிழமை.

"இதுக்கு மேல இந்தப் பிள்ளை என்னத்தை இன்டக்ரேட் ஆகிறது?"

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது தலைவி கை நீட்டினார். மூன்று பேரும் ஒருமனதாகச் சிபாரிசு. (கன்டோன் என்கிற மாநில அரசும், மத்திய அரசு இருக்கும் பெர்னும் இன்னும் பாக்கி. ஆனால் கஷ்டமான ஆட்களைத் தாண்டிவிட்டேன்.)

படியிறங்கும்போது மீசைக்காரர் பின்னால் வந்தார். சங்கத்தில் சேர விருப்பமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, முதல் வெளி உறுப்பினர். பெயரை எழுதட்டுமா என்றேன்.

"இல்லை, அப்பான்ர நம்பரைத் தாரும். பேட்ஜெல்லாம் அவரிட்டத்தானே இருக்கு."

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய.

ஆக, என் பக்கத்தில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவும் நேற்றிலிருந்து யோசிக்கிறார்.

ஆராவது சேருகிறீர்களா? (தலைவர் பதவி கேட்கக்கூடாது.)