உறைய விடாதீங்க, அண்ணி

“உறைய விடாதீங்க, அண்ணி. ஃப்ரிட்ஜுல கதவுப் பக்கம் வைங்க.” பிரான்சிலிருந்து என் நாத்தனார் கிளேர் அனுப்பிய பார்சலில் இருந்த துண்டுச்சீட்டின் வாசகம் இது. ஏப்ரல் முதல் வாரத் தேதியிட்டது. அதைப் படித்தேன். படித்தும் அந்தக் கிரீமை உறைய விட்டேன். பிறகு என் கணவரிடம், கிரீமில் குறையில்லை, உங்கள் தோலில்தான் குறை என்று பொய் சொன்னேன்.

இவ்வளவுதான் குற்றம். உங்களுக்குச் சிரிப்புக்கூட வரலாம்... வரட்டும்.

கணவர் அந்துவானுக்குச் சர்க்கரை நோய். முழங்காலுக்குக் கீழே தோல் காய்ந்து வெடித்துச் செதில் செதிலாக உதிரும். “என்னைய காரைக்கால்மேட்டு மீன் ஏலத்துப் பக்கம் கூட்டிட்டுப் போயிடாத. செதிலப் பாத்து ஏலத்துல விட்டுருவானுங்க” என்பார். கிளேர் அனுப்பும் லிப்போசோம் கிரீமைத் தடவத் தொடங்கிய பிறகு செதில் குறைந்தது. சாயங்காலங்களில் அரைக்கால் சட்டையோடு கடற்கரைக்கு நடக்கப் போனார்.

தோலின் ஈரத்தை அளக்கும் பேனா போன்ற கருவி ஒன்றை வாங்கினேன். வாரந்தோறும் ஒரே கிழமையில், குளிப்பதற்கு முன், ஒரே இடத்தில் அளந்து குறித்தேன். ஈரம் ஏறிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். லிப்போசோம் என்பது கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழி. உள்ளே நீர். குமிழியின் சுவர் தோலிலுள்ள கொழுப்பை ஒத்தது. அதனால் மேல்தோலோடு இணங்கி, ஈரம் அங்கே தங்க உதவும் என்கிறார்கள். உறைந்தால் பனித்துகள்கள் அந்தச் சுவரைக் கிழித்துவிடக்கூடும்.

ஆம், இதையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்!

மீன்பிடித் தடைக்காலம் வரப்போகிறது என்று கொடுவாவும் வஞ்சிரமும் நிறைய வாங்கி ஃப்ரீசரில் அடைத்தேன். மீன் நன்றாக இறுகட்டும் என்று குளிரை முழுவதும் கூட்டிவைத்தேன். குறைக்க மறந்தேன். கதவில் இடமில்லாததால் கிரீம் ஜாடியை ஃப்ரீசருக்கு நேர் கீழே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் எடுத்தபோது கல்லாக இருந்தது.

இளகியபின் மேலே நீர் தெளிந்து நின்றது. அடியில் திரிதிரியாக ஏதோ. தேக்கரண்டியால் கலக்கினேன். ஒன்றாகிவிட்டதுபோல் தெரிந்தது... தெரிந்தால் போதும் என்று மூடிவைத்தேன்.

சில நாள் கழித்துக் கேட்டார்: “ஏம்மா தெரேஸ், இது பழைய டப்பா மாதிரி இல்லியே. தோலுக்கு மேலயே வழவழன்னு நிக்கிது.”

“அதே டப்பாதாங்க. உங்களுக்குத்தான் சர்க்கரை ஏறியிருக்கும். தோலு முன்ன மாதிரி ஏத்துக்கல.”

தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப உள்ளுக்குள்ளயே கெட்டுப்போச்சுன்னு சொல்லு.”

அந்த மாதப் பரிசோதனையில் சர்க்கரை ஏறவில்லை. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். கருவியில் ஈரம் இறங்கத் தொடங்கியது, ஜாடி உறைந்ததற்கு அடுத்த வாரம். தேதிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தே பழகியவள் நான். எனக்கா தெரியாது? தேதிக்காரம்மா என்று கேலி செய்கிறவரிடம் நானே மறந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு அஞ்சினேனா? அச்சம்கூட இல்லை... வெறும் வீம்பு.

ஜூலையில் கிளேரின் மகளுக்கு அங்கே திருமணம். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமனான இவர்தான் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டும். கோட்டு தைத்தாகிவிட்டது. ஒருநாள் கிளேரைப் போனில் கூப்பிட்டார்.

“நான் வரலம்மா. காலெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியிது. அவ்வளவு நேரம் பிளேன்ல உக்கார முடியாது.”

“கிரீம் போடுறியாண்ணே?”

“போடாம என்ன? நல்ல கிரீம்தான். என் ஒடம்புதான் அதுக்கு லாயக்கில்ல.”

நான் இரண்டடி தள்ளி வஞ்சிரத்தை இளகவைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு சொல் போதும்! மீனைப் புரட்டிப் போட்டேன்.

திருமணப் படத்தில் பெண்ணின் கையைப் பிடித்திருப்பவர் மாப்பிள்ளை வீட்டு உறவினர் யாரோ. அந்துவான் அதைப் போனில் விரித்து விரித்துப் பார்க்கிறார். இப்போது முழுக்கால் சட்டைதான். கடற்கரைக்குப் போவதில்லை. கிளேர் அனுப்பிய புதிய ஜாடியை அவர் திறக்கவில்லை. “நீ போட்டுக்க. எனக்கு இனிமே எதுக்கு?” என்றார்.

எனக்குச் சாதகமானதையும் சொல்லிவிடுகிறேன். அது மேல்காற்று வீசும் காலம். அந்த வறட்சியில் யாருடைய தோலும் காயும். குமிழி உடைந்தாலும் கிரீமிலுள்ள எண்ணெயும் கிளிசரினும் எங்கும் போய்விடுவதில்லை. அவையும் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். ஆகவே காற்றுதான் காரணமாகவும் இருக்கலாம்.

உறைந்த கிரீமால்தான் அவர் கால் வெடித்தது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. சரிபார்ப்பது எளிது. ஒரு காலுக்குப் பழையது, மறுகாலுக்குப் புதியது, சில வாரம் அளந்தால் போதும். பழையதில் கால் பங்கு மிச்சம் இருக்கிறது. ஏன் இரண்டு கிரீம் என்று அவர் கேட்பார்.