கொலுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பீர் பாட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சேலையூரில் ஒரு வீட்டு ஹாலில் உட்கார்ந்து பீர் குடித்தேன்.

என்னைத் திட்டிப் பத்திரிகைக்கு எழுத உடனே இன்லண்ட் லெட்டரை எடுத்துவிடாதீர்கள். ஊற்றிக் கொடுத்தது அந்த வீட்டு அம்மாள்தான். எவர்சில்வர் டம்ளரில். இருபது வருஷமாக எனக்குக் காபி வருகிற அதே டம்ளர்!

குடித்தது நான் மட்டும். வீட்டுக்காரன் கோதண்டம் — ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு சிநேகிதன் — எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் குடிக்க முடியாது. தொண்டையில் கேன்சர். மூன்று வாரமாக மூக்கில் ஒரு டியூப். கஞ்சி, மோர், மருந்து எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது.

இதை எழுத அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதிக்கோ. ஆனா அழுவாச்சியா எழுதாத, நான் படிக்க மாட்டேன்" என்றான். முயற்சி செய்கிறேன்... முடியும் என்று தோன்றவில்லை.

கோதண்டம், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் சூபர்வைசராக இருந்தவன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். தினமும் பத்தரை மணிக்கு அண்டா அண்டாவாக வெந்திருப்பதில் ஒவ்வொரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பான். "பெருங்காயம் பழசு" என்பான். "பருப்புல வேற பருப்பு கலந்திருக்கான், கடைக்காரனைக் கூப்பிடு" என்பான். சொன்னால் சரியாக இருக்கும். சாப்பிட வருகிறான் என்றால் என் மனைவிக்கு உதறல். நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான், படுபாவி.

அவன் பையன் முரளி அமெரிக்காவில் கம்ப்யூட்டர் என்ஜினீயர். இரண்டு வருஷம் முன்பு லீவில் வந்தபோது அந்த பாட்டிலைக் கொண்டுவந்தான். கனமான பழுப்புப் பாட்டில், இருமல் மருந்து மாதிரி.

"அப்பா, இது சாதாரண பீர் இல்ல. கறுப்பா இருக்கும், செம ஸ்ட்ராங். விஸ்கி ஊறின மரப் பீப்பாய்ல மாசக்கணக்கா வெச்சிருந்து எடுப்பாங்க. ஒரு சின்ன இடத்துல நாலஞ்சு பேர் சேர்ந்து பண்றாங்க. கடகடன்னு குடிக்கக் கூடாது. வாய்ல வெச்சு ருசி பார்க்கணும்."

ருசி பார்க்க வேண்டும் என்றானே, அதில் கோதண்டம் விழுந்துவிட்டான். இந்த ஊர் ஒயின் ஷாப் பீரை 'பாட்டில் கழுவுன தண்ணி' என்று சொல்கிறவன் அவன். அமெரிக்காவிலிருந்து ஒருவன் அவன் நாக்குக்கென்று ஒன்றை எடுத்து வந்திருக்கிறான்! என்னிடம் ஓடிவந்து காட்டினான். ரிடையர் ஆகிற அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து திறப்பது என்று முடிவாயிற்று. அதற்கு அப்போது ஒன்றரை வருஷம் இருந்தது. சாதா நாளில் திறந்தால் என்ன கெட்டுவிடும் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. நல்லதை எல்லாம் நல்ல நாளுக்கு எடுத்து வைப்பதுதானே நம் வழக்கம்? பட்டுப்புடவையை அப்படித்தான் வைக்கிறோம். பீங்கான் தட்டை அப்படித்தான் வைக்கிறோம்.

'இருட்டா, கூலா இருக்கிற இடத்துல வைங்க' என்று முரளி சொல்லியிருந்தான். இருட்டு கிடைக்கும், மின்சார வாரியம் தாராளமாகத் தருகிறது. கூல்? ஃப்ரிஜ் இருந்தது. ஆனால் வசந்தா — கோதண்டத்தின் மனைவி — ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "சாமிக்கு எடுத்து வெக்கிற பாலும் பூவும் இருக்கிற எடத்துல சாராயமா?" ஆகவே பாட்டில் வேட்டியில் சுற்றப்பட்டு, பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. பரணுக்கு மேலே மொட்டை மாடி. இரண்டு கத்திரி வெயில் அதன் மேல் காய்ந்தது.

ஏப்ரலில் ரிடையரானான். மாலை போட்டார்கள். ஏற்புரை பேச எழுந்தவனுக்குக் குரலே எழும்பவில்லை. 'தொண்டை கரகரன்னு இருக்குடா, பீரை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்றான். அந்த அடுத்த வாரம்தான் டாக்டரிடம் போனோம். அப்புறம் டெஸ்ட், ஆஸ்பத்திரி, 'கரன்ட் வைப்பது' என்கிற ரேடியேஷன். கரன்ட் வைக்க வைக்க வாயில் ருசி போயிற்று. முதலில் இனிப்பு, பிறகு உப்பு... கடைசியில் எதுவுமே தெரியவில்லை. அவன் எல்லாவற்றையும் தாங்கினான். அதை மட்டும் தாங்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதான்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை ரிசல்ட்டுக்காகப் போயிருந்தோம். அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நானும் வசந்தாவும் உள்ளே போனோம். டாக்டர் பேனாவை மூடினார். "இனிமே கரன்ட் வெச்சுப் பிரயோஜனம் இல்லம்மா. வீட்டுல வெச்சு சந்தோஷமா பார்த்துக்கோங்க. தீபாவளியைத் தாண்டுறது கஷ்டம்" என்றார்.

அறைக்கு வெளியே வருவதற்கு முன் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா. தெரிஞ்சா ஒடஞ்சிடுவார்."

சத்தியம் செய்து கொடுத்தேன். வெளியே வந்து, "இம்ப்ரூவ்மென்ட் இருக்காம்டா" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நம் ஊரில் ஒருவருக்குப் பெரிய வியாதி வந்தால் யாருக்கெல்லாம் தெரியும்? பெண்டாட்டிக்கு, மச்சானுக்கு, எதிர்வீட்டுக்கு, பால் ஊற்றுகிறவருக்கு, ஆட்டோக்காரருக்கு. தெரியக் கூடாத ஒரே ஆள் வியாதிக்காரர். பார்க்க வருகிற அத்தனை பேரும் சிரித்த முகமாக வருவார்கள். 'இளைச்சாலும் முகத்துல களை இருக்கு' என்பார்கள். டியூப் வைத்திருக்கிறவனுக்கு ஆப்பிள் வாங்கி வருவார்கள்! தெருமுனை திரும்பிய பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முரளிக்கும் இதே கதைதான். எதிர்வீட்டு போனுக்கு வாராவாரம் பேசுவான். 'அப்பா தேறிக்கினு வராரு, நீ பொங்கலுக்கு வந்தா போதும்' என்று வசந்தா சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நவராத்திரி நெருங்கிவிட்டதால் வசந்தா கொலுப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் வேண்டாமே என்று சொன்னேன். "வெக்கலன்னா அவருக்கு சந்தேகம் வரும்ணா" என்று காதோடு சொன்னார். பெட்டியோடு பாட்டிலும் இறங்கியது.

கோதண்டம் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். இப்போதெல்லாம் அவன் குரல் காற்றுதான், கிட்டே போய்க் கேட்க வேண்டும். "இன்னைக்குத் தொறக்கலாம். நீ குடி. எப்படி கீதுன்னு எனக்குச் சொல்லு."

வசந்தா ஒரு நிமிஷம் தயங்கினார். பொம்மைகள் இன்னும் பழைய பேப்பருக்குள்ளேயே இருந்தன, படியும் கட்டவில்லை. சாமி இன்னும் கொலுவேறவில்லை என்ற தைரியத்தில் டம்ளர் எடுத்துவரப் போனார் என்று நினைக்கிறேன்.

மூடியை கோதண்டமே ஒரு ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தான். பாட்டில் வாயை மூக்கருகே கொண்டுபோய், டியூப் இல்லாத பக்கமாக முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஆசையில் முகர்கிறான் என்று நினைத்தேன்.

டம்ளரில் விழுந்தது பீர் மாதிரியே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் வடித்து எடுக்கிற ஆயில் கறுப்பு. நுரை ஒரு பொட்டு இல்லை. "தசமூலாரிஷ்டம் மாதிரி இருக்கே" என்றார் வசந்தா.

ஒரு வாய் குடித்தேன்.

எப்படி இருந்தது? சொல்கிறேன். ஆனால் அவனிடம் நான் சொன்னது வேறு.

"பிரமாதம்டா!" என்றேன். "முதல்ல நல்ல டிகாக்‌ஷன் காபி. அப்புறம் சாக்லேட். கடைசியில அந்த மரப் பீப்பாய் வாசனை, விஸ்கி... அடடா! ரெண்டு வருஷம் காத்திருந்ததுக்குத் தகும்டா."

வாராவாரம் வார்த்தை விற்கிறவன் அல்லவா? கொட்டியது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டான். "முடிச்சிட்டியா?"

"ம்."

"முழுங்கும்போது உன் தோள் ரெண்டும் தூக்குச்சு. புளிச்சுப்போச்சு, இல்ல?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தொறக்கும்போதே தெரியும்டா. புஸ்ஸுனு ஒரு சத்தம் வரல. நாக்குதான் செத்துப்போச்சு, மூக்கு இன்னும் கொஞ்சம் கீது."

எனக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சும் ஏன்டா குடிக்க வெச்ச?"

"நீ இன்னா சொல்றேன்னு பாக்கத்தான்" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "கேன்டீன்ல புதுசா சமையல்காரன் வேலைக்கு வந்தா, உப்பு போடாத ரசத்தைக் குடுப்பேன். எப்படி இருக்குன்னு கேப்பேன். பிரமாதம் சார்னு சொல்றவனைச் சேர்த்துக்க மாட்டேன். ஐந்நூறு பேர் சாப்பிடுற எடம். அவனை நம்ப முடியாது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அறைந்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

"இன்னொரு வாய் குடி. பத்திரிகைக்கு எழுதறா மாதிரி சொல்லாத. எனக்குச் சொல்லு. மொதல்ல இன்னா வருது?"

குடித்தேன். "புளிப்பு. ஊசிப்போன காரக்குழம்பு மாதிரி."

"அப்புறம்?"

"மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி."

"கசப்பு கீதா?"

"இருக்கு. காபிக்கொட்டையை ஒரு சுத்து அதிகமா கருக்கிட்டா வருமே, அது."

"மரம்?"

எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாய் எடுத்து, கண்ணை மூடி, வாயிலேயே வைத்திருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் முதன்முறையாக ஒரு பொருளை ருசி பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இதுவரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"வருதுடா. கடைசியில, லேசா. ஜலதோஷத்துக்கு பிராந்தி குடுப்பாங்களே, அந்தச் சூட்டோட. புது மர பீரோவைத் தொறந்தா வருமே, அந்த வாசனை."

"வாய்ல நிக்குதா?"

"நிக்குது."

அவன் திருப்தியாகத் தலையாட்டினான். "நல்ல சரக்குதான். வெயில் கெடுத்துடுச்சு. போன வருஷமே தொறந்திருக்கணும்." கேன்டீன் ஸ்டோர் ரூமில் நின்று சொல்வதுபோலச் சொன்னான்.

பிறகு அதே குரலில் கேட்டான்.

"இப்ப சொல்லு. வியாழக்கெழமை டாக்டர் இன்னா சொன்னார்?"

சமையலறை வாசலில் வசந்தா நின்றுகொண்டிருந்தார். கையில் பேப்பர் பிரிக்காத ஒரு பொம்மை. நான் அவரைப் பார்த்தேன். நான் செய்த சத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

என்ன சொல்வது? மறுபடி 'இம்ப்ரூவ்மென்ட்' என்றால் இந்த உலகத்தில் அவன் நம்பிக் கேட்க ஒரு ஆள் இல்லாமல் போய்விடும். உண்மையைச் சொன்னால்?

"சொல்லிடுங்கண்ணா" என்றார் வசந்தா. "என்னாலயும் முடியல."

வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சொன்னேன். கரன்ட் வேண்டாம் என்றதை, தீபாவளி என்றதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அவன் பீரைப் பற்றிக் கேட்ட மாதிரியேதான் இதையும் கேட்டான்.

"வலிக்குமா?"

"மருந்து தருவாங்க. ஆனா வலி இருக்கும்னார்."

"தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தெரியாதுடா. முன்னாடியும் இருக்கலாம்."

அவன் உடையவில்லை. மனைவி பக்கம் திரும்பினான்.

"இத்தினி நாள் இதை நீ தனியா வெச்சிக்கினு இருந்தியா?"

அப்போதுதான் வசந்தா அழுதார். நான்கு நாள் அழுகை. அவன் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். ஆறுதல் யாருக்கு யார் சொல்வது என்பது அந்த ஹாலில் தலைகீழாகிவிட்டது. நான் என்ன செய்வது என்று தெரியாமல் டம்ளரைக் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டான். "முரளி பொங்கலுக்கு வந்து இன்னா பண்ணப் போறான்? எனக்குக் குரல் இருக்கும்போதே வரச் சொல்லு. நீயே பேசு, இவளால முடியாது."

கேம்ப் ரோடு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். மூன்று முறை சுற்றி, நாலாவது முறை லைன் கிடைத்தது. முரளி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து எடுத்தான். என் குரலைக் கேட்டதுமே அவனுக்குப் பதற்றம்.

"அங்கிள்? அப்பா எப்படி இருக்கார்?"

வாய்ப்பழக்கம். 'நல்லா' வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உடனே கிளம்பி வரச் சொன்னேன்.

பூத்துக்காரர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு முரளி, யார் காதிலோ விழுந்துவிடப் போகிறது என்பதுபோல, ரகசியமாகக் கேட்டான். "அங்கிள்... அப்பாவுக்குத் தெரியாதில்ல? தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"உங்கப்பாதாம்ப்பா உனக்குச் சொல்லச் சொன்னார்" என்றேன்.