நெஞ்சில் நிற்கும் சோறு

மெடிக்கல் ஷாப்புக்குக் காய்ச்சல்காரர்கள் டாக்டர் சீட்டோடு வருவார்கள். வயிற்றுக்காரர்கள் கதையோடுதான் வருவார்கள். திருவரங்குளம் போகிற ரோட்டில் கடை வைத்திருக்கிற எனக்கு, மாத்திரை விற்பதைவிடக் கதை கேட்பதுதான் பெரிய வேலை. சாப்பிட்டதும் நெஞ்சைத் தடவிக்கொண்டு ஓர் ஏப்பத்துக்காக ஏங்குகிற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? எனக்கு ஒரே ஒரு பயம்தான். "கேஸ்தான்க்கா" என்று வருகிறவர்களில் யாருக்கு அது வெறும் கேஸ், யாருக்கு இருதயம் என்பது கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தெரியாது.

கரித்துண்டு போடாத குழம்பு

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்துகிற டீச்சர் ஒருநாள் வயிறு உப்பிசத்தோடு வந்தார். அம்மா வீட்டில் கொடுத்த கறிக்குழம்பை உச்சிவெயிலில் தூக்குவாளியில் கொண்டுவந்திருக்கிறார். காத்து கருப்பு அண்டாமலிருக்க மேலே ஒரு கரித்துண்டு போட்டுத்தானே நம் பக்கம் கறி கொடுத்தனுப்புவோம்? அன்றைக்கு அவசரத்தில் மறந்துவிட்டார்கள். "கரிங்கறது கார்பன்தானே டீச்சர், அது எந்தப் பேயை வெரட்டும்?" என்று வம்பிழுத்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. திறந்து பார்த்தபோது குழம்பு ஊற்றின அளவு அப்படியே இருந்ததாம். வாயில் வைத்தால் உப்பு இல்லை, உறைப்பு இல்லை, கறி வெறும் சக்கையாம். அதே சட்டிக் குழம்பை அம்மா வீட்டில் எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். சிரப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு முன்னாடி யாரோ சாப்புட்டுட்டாங்கக்கா."

மறுசோறு

அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஒருவர். சவுதியில் டிரைவர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, இங்கே மாமனார் வீட்டோடு இருக்கிறார். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடுவார், வயிறு கல் மாதிரி இருக்கிறதென்று. "அளவாத்தான் சாப்புடுங்களேன், யாரு ஒங்களப் புடிச்சுத் திணிக்கிறா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

மனுசன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சவுதியில் இருந்தபோது அம்மா இறந்துபோயிருக்கிறார். லீவு கிடைக்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்போது சாப்பிட உட்கார்ந்தால், அடுக்களையிலிருந்து அம்மா சோற்றுச் சட்டியோடு வருவது தெரிகிறதாம். அவர் மனைவிக்குத் தெரியவில்லை, இவருக்கு மட்டும். அவர் அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "வயிறு போதும்ங்குது. அம்மா இன்னும் எடுத்துட்டு வருது. வேணாம்னு எப்புடிக்கா சொல்றது?"

ஏப்பம் வரவில்லை

இனி சொல்வது என் வீட்டுக்காரர் கதை. எங்கள் ஊர் எல்லையில் ஒரு முனி கோயில். அங்கே கெடா வெட்டினால் ஆம்பளைகள் மட்டும் அங்கேயே சமைத்து அங்கேயே சாப்பிட வேண்டும். மிச்சத்தைக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். ஓர் எலும்புகூட எல்லை தாண்டக் கூடாது. போன ஆடியில் அப்படிப் போனவர், வெயில் சாய்வதற்கு முன்பே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "எலையக் கண்டா எந்திரிக்கத் தெரியாதே ஒங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே சிரப்பை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். ஏப்பம் வரவில்லை.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. தாடை வலிக்கிறது என்றார். இது வெறும் கேஸ் இல்லை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பினால், மனுசன் வெளியே நின்ற ஸ்கூட்டரையே பார்க்கிறார். "ஆஸ்பத்திரி வேணாம், இது சாமிக்குத்தம்" என்றார். என்ன செய்தீர்கள் என்று உலுக்கினேன். ஸ்கூட்டர் பெட்டியைக் கை காட்டினார்: "ஒனக்கு ஈரல் புடிக்குமேன்னு ஒரு எலையில மடிச்சுக் கொண்டாந்துட்டேன்டி."

பின் சீட்டு

எல்லைக்கல் தாண்டும்போது ஓர் ஆள் கை காட்டினானாம். இவர் நிறுத்தியிருக்கிறார். பின் சீட்டு அழுந்தியது. "எங்கிட்டுப் போகணும்?" என்று கேட்டதற்குப் பதிலில்லை. கண்ணாடியில் பார்த்தால் வெறும் ரோடு. ஆனால் பாரம் இறங்கவில்லை. கடைக்கு வருவதற்குள் அது முதுகிலிருந்து நெஞ்சுக்கு வந்துவிட்டதாம். "ஈரலக் கொண்டுபோயிப் பொதைக்காம நான் எங்கிட்டும் வரமாட்டேன்" என்று ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது, இவர் அசைய மாட்டேன் என்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து, "அண்ணே, இத முனி கோயில்ல பொதச்சுட்டு வந்துருங்க" என்று இவர் காதில் விழும்படி சொன்னேன். அவர் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் இவர் ஸ்டூலை விட்டார்.

புதுக்கோட்டையில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இருதயக் குழாயில் அடைப்பு என்றார்கள். அன்று சாயங்காலமே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். என்னை உள்ளே விட்டதும் கட்டிலருகே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "பாரம் இருக்கா?" என்று கேட்டேன். என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "இப்பத்தான்டி எறங்குனான். வாசல்ல நிக்கிறான், திரும்பிப் பாக்காத."

ஆகவே, சக வயிற்றுக்காரர்களே, தின்ற சோறு நெஞ்சில் நின்றால் முதலில் போய் ஈசிஜி எடுங்கள். முனியாகவே இருந்தாலும் டாக்டரைக் கண்டால் இறங்கித்தான் ஆக வேண்டும்.