ஐந்து சுரத்துக்கு வெட்டிய சம்பளம்

அன்று தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இருந்தவர்கள் அப்பா, கங்காணி, பெரிய கிளாக்கர், அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன நான். நேற்று மகளின் போனில், அப்பாவின் சீட்டியைப் போலவே ஒலித்த ஒரு சீனப் புல்லாங்குழலைக் கேட்டதும் அந்தக் களம் அப்படியே கண்முன் வந்தது.

செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் துடைத்தபடி அப்பா சீட்டியடித்துக்கொண்டிருந்தார். கிளாக்கர் திரும்பினார்.

"டேய், இது தொரை பங்களாவுல ஓடுற ஸ்கொட்லாந்துப் பாட்டு. வேல நேரத்துல ஜன்னலுக்குக் கீழ நின்னு கேட்டுத் திருடுனியா?"

"இல்லீங்கய்யா, இது நம்ம காமன் கூத்து மெட்டுங்க. வேணும்னா கங்காணிய கேளுங்க."

கங்காணி மாசிக்கு மாசி அதே மெட்டுக்கு ரதி வேஷம் கட்டி ஆடுகிறவர். அன்று பல்லைக் காட்டிச் சிரித்தார்.

"எனக்கென்னங்கய்யா தெரியும்?"

அப்பாவின் அன்றைய சம்பளத்தை வெட்டிவிட்டார்கள். குடியிருந்த லயத்தைவிட்டே விரட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் தேத்தண்ணியைக் காலில் கொட்டிக்கொண்டேன். அப்பா அதற்குப் பிறகு கூத்துப் பக்கமே போகவில்லை.

"அம்மா, சீனா, ஸ்கொட்லாந்து, ஆபிரிக்கா, எங்க பாத்தாலும் இந்த அஞ்சு சுரத்துல பாட்டு இருக்காம். நம்ம மோகனமும் அஞ்சுதான். யாரும் யாருகிட்டயும் திருடலயாம்" என்றாள் மகள், நேற்று அந்தப் போனைக் காட்டி.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குச் சுரம் தெரியாது. ஆனால் அப்பா திருடவில்லை என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் ஒரு வாய்கூட இல்லாமல் போனதே! கிளாக்கரும் போய்ச் சேர்ந்தார், கங்காணியும் போய்ச் சேர்ந்தார். தோட்டம் மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. அது என் அப்பாவுக்கு இன்னும் தரவேண்டியது மூன்று ரூபாய் இருபது சதம்.